டிராக்குலா வேடமும் லுகோசியின் குரலும்

பேலா லுகோசியின் வரலாற்றை எழுதியோர் பலர் அவர்தம் இறுதிக் காலத்தையே முதற்கண் நிறுத்துகின்றனர். மருந்துப் பழக்கத்திற்கு அடிமைப்பட்டமை, பொருள்முட்டுப்பாடு, தரங்குறைந்த படங்கள், டிராக்குலாவின் கரிய மேலாடையோடு அடக்கம் செய்யப்பட்டமை ஆகியவற்றை விரித்துரைத்து, பெருநடிகர் ஒருவர் ஒரே வேடத்தால் அழிந்தார் என முடிப்பர். இரக்கம் தோன்ற எழுதப்படும் அவ்வரலாறுகளில், அவர் எவ்வாறு நடித்தார் என்னும் வினாவிற்கு இடம் மிகக் குறைவு. 1994ஆம் ஆண்டில் வெளிவந்த ‘எட் வுட்’ என்னும் படத்தில் லுகோசியாக நடித்த மார்ட்டின் லாண்டோ ஆஸ்கார் பரிசு பெற்ற பின்னர், அம்முதுமைக் கோலமே மக்கள் உள்ளத்தில் நிலைத்துவிட்டது. யாம் ஈண்டுக் கொண்ட பொருள் வேறு. லுகோசி ஆங்கிலத்தை ஒலித்த முறையே அவர்தம் கலைக்கு உயிராய் நின்றது என்பதும், அதனைக் குறையெனக் கொண்ட திரையுலகம் படிப்படியாக அதனை அவரிடமிருந்து அகற்றியது என்பதும் யாம் நிறுவ முயல்வன.

வாழ்க்கை வரலாறு சுருக்கமாகக் கூறின் போதும். 1882ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள், அன்று ஹங்கேரி நாட்டின் பகுதியாகவும் இன்று ருமேனியாவின் பகுதியாகவும் உள்ள லுகோஷ் என்னும் ஊரில் அவர் பிறந்தார். இயற்பெயர் பிளாஷ்கோ பேலா. ஊர்ப்பெயரைத் தம் பெயரொடு பூணும் வழக்கம் தமிழ்ப் புலவர்க்கும் நடிகர்க்கும் புதிதன்று. அவரும் ஊராலேயே லுகோசி ஆயினார். நாட்டுப்புற நாடகக் குழுக்களில் தொடங்கி, 1913 முதல் 1919 வரை புடாபெஸ்ட் நகரத்துத் தேசிய நாடக அரங்கில் பணியாற்றினார். அங்குத் தாம் தலைமை நடிகராய் விளங்கியதாகப் பிற்காலத்தில் அவர் உரைத்ததுண்டு. உண்மையில் அவர்க்குக் கிடைத்தவை பெரும்பாலும் சிறுவேடங்களே. இடையில் முதல் உலகப் போரில் காலாட்படையிற் பணிபுரிந்தார். 1919ஆம் ஆண்டுப் புரட்சியின்போது நடிகர் சங்கம் அமைப்பதில் முன்னின்றார். பேலா குன் ஆட்சி வீழ்ந்தபின் நாட்டில் இருத்தற்கியலாது வியன்னாவிற்கும், பின் பெர்லினுக்கும் சென்றார். 1920ஆம் ஆண்டு இறுதியில் சரக்குக் கப்பலொன்றில் பணியாளாக ஏறி, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தை அடைந்தார். அப்பொழுது அவர்க்கு அகவை முப்பத்தெட்டு. நடிப்புத் தொழிலில் முற்றிய ஒருவர் தம் கருவியாகிய மொழியை இழந்து நின்ற நிலை அது. ஓவியனுக்கும் இசைவாணனுக்கும் இவ்விழப்பு நேர்வதில்லை.

1922ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ‘செம்பாப்பி’ என்னும் பொருள்படும் ஆங்கில நாடகத்தில் நடித்தபோது, பொருள் முற்றும் உணராமல் ஒலியாகவே தம் உரைகளை மனப்பாடம் செய்தார் என்பர். அது நம்பத்தக்கதே. ஆயின், அச்செய்தியை நீட்டி, 1931ஆம் ஆண்டு வெளிவந்த ‘டிராக்குலா’ படத்திலும் அவர் மொழியறியாமல் ஒலிகளையே ஒப்புவித்தார் என்றும், பேச்சின் மந்தகதிக்கு அதுவே காரணம் என்றும் கூறுவது ஆராயாக் கூற்று. இடைப்பட்ட காலத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1922க்கும் 1927க்கும் இடையே அவர் வேறு சில ஆங்கில நாடகங்களில் நடித்துள்ளார். 1927 அக்டோபரில் பிராட்வேயில் ‘டிராக்குலா’ நாடகம் அரங்கேறி 261 முறை நிகழ்ந்தது; பின்னர் மேற்குக் கரையிலும் அவர் அவ்வேடத்தைத் தாங்கினார். 1930ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் படப்பிடிப்புத் தொடங்கியபோது, நூற்றுக்கணக்கான இரவுகள் அவ்வுரைகளை அவையோர் முன் மொழிந்து, எச்சொல்லுக்கு அவை அடங்கும், எச்சொல்லுக்கு அசையும் என்பதை அறிந்திருந்த நடிகர் அவர். அறியாமையால் விளைந்த மந்தம் அத்துணை நாள் மேடையில் மாறாது நிற்றல் இயலாது. நின்றதெனின், அது தேர்ந்து கொள்ளப்பட்டது என்பதே பொருந்தும்.

அவர் பேச்சின் இயல்பு யாது? ஹங்கேரி மொழியில் சொல்லழுத்தம் எப்பொழுதும் முதலசையிலேயே விழும். குறில் நெடில் வேறுபாடு அம்மொழியில் பொருள் வேறுபடுத்துவது. ‘கொர்’ என்பது அகவையையும் ‘கோர்’ என்பது நோயையும் குறிக்கும். அழுத்தம் பெறாத உயிரும் தன் அளவிற் குன்றாது ஒலிக்கும். ஆங்கிலமோ அழுத்தம் வீழாத அசைகளைக் குறுக்கி, விழுங்கி, அடுத்த அழுத்தத்தை நோக்கி விரைவது. மாத்திரை அறிந்த தமிழர்க்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை. நம் மாணவர் ஆங்கிலம் பேசுங்கால் ஒவ்வோர் உயிர்க்கும் உரிய அளவு கொடுத்து ஒலிப்பதை நாள்தோறும் கேட்கின்றோம். லுகோசியும் அதனையே செய்தார். ஆங்கிலேயர் விழுங்கும் அசைகளையெல்லாம் அவர் முழுதாக ஒலித்தார். ஆதலின் கேட்போர்க்கு ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே எடுத்து வைக்கப்பட்டது போலத் தோன்றியது. இவ்வொலிப்போடு புடாபெஸ்ட் மேடையிற் பயின்ற செய்யுட் பாங்கான உரைமுறையும் சேர்ந்துகொண்டது. இரண்டும் கூடியதே அக்குரல்.

படத்தில் அரண்மனைப் படிக்கட்டுக் காட்சியை நினைவு கூர்க. கையில் ஒற்றை மெழுகுவத்தியோடு பிரபு இறங்கி வருகின்றான். வெளியே ஓநாய்கள் ஊளையிடுகின்றன. அவன் அதனை இசையெனப் போற்றுகின்றான். பின்னர் விருந்தினனுக்கு மது வழங்கி, தான் அருந்துவதில்லை என்கின்றான். அச்சிறு தொடரில் மதுவைக் குறிக்கும் இறுதிச் சொல்லுக்கு முன்னர் ஓர் நிறுத்தம் உளது. அந்நிறுத்தத்தில், அவன் அருந்துவது யாது என்னும் வினா கேட்போர் உள்ளத்தே எழுகின்றது. படம் முழுமையும் அவன் பற்கள் நீண்டு காட்டப்படுவதில்லை; குருதி உறிஞ்சுதலும் கண்முன் நிகழ்வதில்லை. தொடக்க எழுத்துகளுக்கும் இசையரங்கக் காட்சிக்கும் அன்றிப் படத்தில் இசையும் இல்லை. கார்ல் பிராயண்டு அமைத்த ஒளி கண்களில் மட்டும் கீற்றாக விழுகின்றது. ஆக, அச்சத்தை விளைக்கும் சுமை பெரும்பாலும் குரலின்மேலும் அதன் இடையே நிற்கும் அமைதியின்மேலும் ஏற்றப்பட்டது. இவ்வேடத்திற்கு அவர் பெற்ற ஊதியம் வாரத்திற்கு 500 டாலராக ஏழு வாரத்திற்கு 3,500 டாலர்.

எம் கருத்தைத் தேர்ந்து பார்த்தற்கு வரலாறே ஓர் உரைகல் தந்துள்ளது. பகலில் ஆங்கிலப் படம் எடுக்கப்பட்ட அதே அரங்குகளில் இரவில் ஸ்பானிய மொழிப் படமொன்று ஜார்ஜ் மெல்போர்டு இயக்கத்தில் எடுக்கப்பட்டது. அதில் பிரபுவாக நடித்தவர் கார்லோஸ் வில்லரியாஸ். ஒளிப்பதிவு இயக்கத்தாலும் காட்சி அமைப்பாலும் ஸ்பானியப் படமே சிறந்தது என்பது இன்று திறனாய்வாளர் பலர்க்கும் உடன்பாடு, யாமும் உடன்படுகின்றோம். எனினும் அப்படத்துப் பிரபு அச்சுறுத்தவில்லை. அவன் கண்ணை உருட்டுகின்றான், வாயை அகல விரிக்கின்றான். ஆயினும் சுற்றியிருப்போர் மொழியையே அவர்களைப் போன்றே இயல்பாகப் பேசுகின்றான். அவன் அவர்களுள் ஒருவன். ஆங்கிலப் படத்தில் ஒரு சிறு வணக்கவுரையே அந்நியம் ஒன்று இல்லம் புகுந்ததை உணர்த்திவிடுகின்றது. ஸ்பானியப் படத்தில் அதனை முகத்தால் உணர்த்த முயல வேண்டியிருந்தது.

மூலநூல் நோக்கின் இது மேலும் தெளிவுறும். பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட புதினத்தில், பிரபு ஆங்கிலத்தை நூல்களால் மட்டும் கற்றவன். இலண்டன் தெருவில் நடக்குங்கால் தன் பேச்சைக் கேட்டு எவரும் தன்னை அயலான் என அறிந்துகொள்ளலாகாதே என்பது அவன் கவலை. அவ்வொலிப்பைப் பழகுதற்பொருட்டே இளைஞன் ஹார்க்கரைத் தன்னோடு இருத்திப் பேசுகின்றான். மொழிகடந்து குடியேற விழையும் ஒருவனின் அச்சமே பிரபுவின் உள்ளே இருந்தது எனலாம். ஸ்டோக்கர் தாமும் அயர்லாந்திலிருந்து இலண்டனுக்குப் பெயர்ந்து, ஹென்றி இர்விங்கின் லைசியம் நாடக அரங்கை மேற்பார்த்தவர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. நாடக வடிவிலும் படத்திலும் பிரபுவின் இக்கவலை வெளிப்படையாகப் பேசப்படுவதில்லை. பேச வேண்டிய இன்றியமையாமையும் இல்லை. லுகோசி வாய்திறந்த அளவிலேயே அது வெளிப்பட்டது. மீசையும் முதுமையும் உடையவனாய்ப் புதினத்திற் காணப்படும் பிரபுவிற்கும், மாலையுடை அணிந்து மழித்த முகத்தோடு வரும் லுகோசியின் பிரபுவிற்கும் தோற்ற ஒற்றுமை சிறிதே. நெருக்கம் இருப்பது நாவில்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வழி இதனை ஆராய்தல் பயனுடைத்து. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கினையும் அச்சத்தின் நிலைக்களனாகத் தொல்காப்பியர் வகுத்தனர். டிராக்குலா இந்நான்கும் ஓருருவில் திரண்டவன். இறந்தும் இறவாத அணங்கு. ஓநாயும் வௌவாலும் ஆகும் விலங்கு. இரவில் புகுந்து உயிர் கவரும் கள்வன். குடிகள் அஞ்சும் பிரபுவாகலின் இறை. இக்கதை எந்நாட்டிலும் செல்லுபடியாவதற்கு இது காரணமாகலாம். ஆயின் அயலார் பேச்சு அச்சத்தின்பாற் படுவதன்று. இளம்பூரணர் தம் உரையில் எடுத்துக்காட்டும் செயிற்றியத்தில், நகை தோன்றும் இடங்கள் பலவாக எண்ணப்படுங்கால், ஆரியர் பேசும் தமிழும் அவற்றுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. மொழி திருந்தாத அயலான் மேடையில் நகைப்பிற்குரியவன் என்பது நம் பண்டைக் கூத்தர் கண்ட உண்மை. அமெரிக்க மேடையிலும் குடியேறிகளின் பேச்சு நெடுநாள் எள்ளலுக்கே பயன்பட்டது. நகைக்குரிய அப்பொருளை எடுத்து, சிறிதும் மாற்றாமல், அச்சத்திற்குரியதாக்கியமையே லுகோசியின் தனிச்சாதனை என்பது எம் துணிபு. அதனைச் செய்தற்கு அவர் கையாண்ட வழி நிதானம் ஒன்றே. பிழைக்கு அஞ்சி விரைந்து பேசுவோன் நகைப்பிற்கு ஆளாகின்றான். பிறர் காத்திருக்க வேண்டும் என்னும் உறுதியோடு பேசுவோன்முன் நகைப்பு எழுவதில்லை.

ஓர் இடைக்குறிப்பு. டிராக்குலா வெளிவந்த அதே 1931ஆம் ஆண்டில்தான் தமிழின் முதற் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ வெளிவந்தது. அதில் தமிழும் தெலுங்கும் இந்தியும் கலந்து ஒலித்தன, மக்கள் வெறுத்திலர். பேசும்படம் தோன்றிய காலத்தில் ஒலிப்பைப் பற்றிய வரையறை இன்னும் இறுகவில்லை. அவ்விடைவெளியில் நுழைந்தவர் லுகோசி. வரையறை இறுகியபோது அவர்க்கு இடம் சுருங்கியது.

அச்சுருக்கத்தின் வரலாறு 1931 முதலே தொடங்குகின்றது. அவ்வாண்டில் அவர் அமெரிக்கக் குடிமகனும் ஆயினார். ‘பிராங்கன்ஸ்டைன்’ படத்தில் பேச்சற்ற பூதத்தின் வேடம் அவர்க்கெனக் கருதப்பட்டு, பின் போரிஸ் கார்லாஃபுக்குச் சென்றது. உறுமலும் ஒப்பனையும் அன்றி உரை இல்லாத வேடத்தைத் தாமே மறுத்ததாக லுகோசி கூறுவர். அறியாது செய்த பிழை என்று இதனை எழுதாதவர் இலர். குரலையே கருவியாகக் கொண்ட நடிகர் பேச்சற்ற வேடத்தை விரும்பாமை எங்ஙனம் பிழையாகும்? வருவாய் நோக்கில் இழப்பு என்க. கலை நோக்கில் அவர் தம்மை அறிந்தே இருந்தார். கார்லாஃபும் குடியேறியே. இலண்டனில் பிறந்த அவருடைய இயற்பெயர் வில்லியம் ஹென்றி பிராட். அவர் தந்தையார் இந்தியாவில் ஆங்கில அரசின் உப்புவரித் துறையில் அலுவல் பார்த்தவர். ஆங்கிலேயராகிய அவர் அயற்பெயர் ஒன்றைப் புனைந்துகொண்டு பலவகை வேடங்களும் பெற்றார். அயற்பெயரைக் கழற்றி வைக்கலாம், அயல்நாவைக் கழற்றுதற்கில்லை. இருவரும் சேர்ந்து நடித்த 1934ஆம் ஆண்டுக் ‘கரும்பூனை’ என்னும் படத்தில் லுகோசி போரில் மனைவியை இழந்த ஹங்கேரிய மருத்துவர். அவர் துயரமும் வெகுளியும் காட்டும் இடங்கள் கார்லாஃபின் அமைதியான கொடுமைக்குச் சிறிதும் தாழ்ந்தனவல்ல.

லுகோசிக்கு ஒரே குரல்தான் வரும் என்பாரை மறுத்தற்கு 1939ஆம் ஆண்டு ‘பிராங்கன்ஸ்டைனின் மகன்’ ஒன்றே போதும். தூக்கிலிடப்பட்டும் சாகாது, முறிந்த கழுத்தோடு திரியும் ஈகோர் என்பவனாக அவர் அதில் வருகின்றார். பிரபுவின் நிமிர்ந்த மேனி இல்லை, நிதானமும் இல்லை. கரகரத்த, கிசுகிசுக்கும், தந்திரம் நிறைந்த நாட்டுப்புறக் குரல் ஒன்று கேட்கின்றது. தன்னைத் தூக்கிலிட்ட ஊரவரைப் பழிவாங்கும் அவன் பேச்சில் நகைச்சுவையும் உண்டு. அவர் நடித்தவற்றுள் முழுமையான வேடம் இதுவே என யாம் மதிக்கின்றோம். அதே ஆண்டில் எர்னஸ்ட் லூபிட்ஷின் ‘நினாட்சுகா’ படத்தில் ஒரு காட்சியில் சோவியத்து அதிகாரியாக வந்தார். கதை தந்த மெல்கியோர் லெங்கியெல் ஹங்கேரியர், இயக்குநர் ஜெர்மானியர், தலைவி கிரேட்டா கார்போ சுவீடன் நாட்டவர். 1919இல் புரட்சியின்பின் நாடு நீங்கிய ஒருவர் இருபதாண்டு கழித்துப் புரட்சியரசின் அதிகாரியாக மேசைமுன் அமர்ந்த அச்சிறு காட்சியை, குறைத்துப் பேசும் அடங்கிய நடிப்பிற்கு எடுத்துக்காட்டாக மாணவர்க்குக் காட்டலாம்.

அடுத்து நிகழ்ந்தது வியப்பும் வருத்தமும் ஒருங்கே தருவது. 1942ஆம் ஆண்டுப் படத்தில் ஈகோரின் மூளை பூதத்தின் தலையில் பொருத்தப்படுகின்றது. பூதமாக நடித்த லான் சேனி இளையவரின் வாயிலிருந்து லுகோசியின் குரல் எழுகின்றது. குரல் பிறர் உடலில் நின்றது. கதைத் தொடர்ச்சி கருதி, மறுவாண்டுப் படமாகிய ‘பிராங்கன்ஸ்டைன் ஓநாய் மனிதனைச் சந்திக்கிறான்’ என்பதில் பூத வேடம் லுகோசிக்கே தரப்பட்டது. பேசும் பூதமாகவே எழுதப்பட்டு, படமும் எடுக்கப்பட்டது. ஆயின் வெளியிடுமுன் அப்பேச்சு முழுதும் வெட்டப்பட்டது. பூதம் ஹங்கேரிய ஒலிப்பில் பேசியது நகைப்பை விளைத்தது என்று திரைக்கதையாசிரியர் கர்ட் சியோட்மாக் பிற்காலத்தில் உரைத்தார். அவரும் ஜெர்மனியிலிருந்து பெயர்ந்தவரே. பூதம் கண்ணிழந்தது என்னும் செய்தியும் அவ்வெட்டோடு போயிற்று. ஆதலின் குருடன் கைநீட்டித் தடவி நடப்பதாக அவர் அமைத்த நடை காரணமற்றதாய்த் தோன்றி, பின்னர் எள்ளி நடிப்பார்க்கெல்லாம் பொருளாயிற்று. பன்னிரண்டு ஆண்டுகட்குமுன் பேச்சில்லை என்று மறுத்த வேடத்தை, அறுபதாம் அகவையில், பேச்சு அறுக்கப்பட்ட நிலையில் அவர் பூண நேர்ந்தது. இதனைத் திறமைக் குறைவு என்று எழுதிய திறனாய்வாளர் வெட்டப்பட்ட பகுதியை எண்ணிப் பாராமை பெருங்குறை.

1948ஆம் ஆண்டில் ஆபட், காஸ்டெல்லோ என்னும் நகைச்சுவை இணையரின் படத்தில் அவர் மீண்டும் டிராக்குலாவாக வந்தார். திரையில் அவர் டிராக்குலா எனும் பெயரிலேயே தோன்றியது அவ்விருமுறைதான். சுற்றிலும் நகைப்பு நிகழ, அவர் மட்டும் சிறிதும் நகையாது, 1931இல் நடித்த அதே நிதானத்தோடு நடித்துள்ளார். செயிற்றியம் கூறிய இடத்திற்கே திரையுலகம் அவரைத் திருப்பியது; அவரோ அவ்விடத்தில் நிற்க மறுத்தார் என்று அக்காட்சிகளைக் காணுந்தோறும் எமக்குத் தோன்றுகின்றது.

மருந்துப் பழக்கத்திற்குச் சிகிச்சை வேண்டி 1955இல் அவர் தாமே மருத்துவமனை புகுந்ததும் மீண்டதும் பலரும் எழுதியவை. நோவு தணிக்கக் கொடுத்த மருந்தே அப்பழக்கத்திற்கு மூலம். 1956இல் வெளிவந்த ‘கருந்துயில்’ என்னும் படத்தில் அவர்க்குக் கிடைத்தது ஊமைப் பணியாளன் வேடம். அவ்வாண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள் அவர் காலமானார்.

அவர் மறைந்தபின், பிரபு வேடத்து அவருருவைப் பலவகைப் பொருள்களில் பதித்து விற்க யுனிவர்சல் நிறுவனம் உரிமை வழங்கியதை எதிர்த்து அவர் மனைவியும் மகனும் வழக்குத் தொடுத்தனர். கீழ்மன்றில் வென்றனர், 1979ஆம் ஆண்டு கலிபோர்னியா உச்சநீதிமன்றத்தில் தோற்றனர். தலைமை நீதிபதி ரோஸ் பேர்டு மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். 1984இல் அம்மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்றி, மறைந்தோர் உருவின்மேல் உரிமையை வழித்தோன்றல்களுக்கு வழங்கியது. வழக்கு நடந்த அக்காலத்திலேயே, 1972இல், அமெரிக்கத் தொலைக்காட்சியின் சிறுவர் நிகழ்ச்சியாகிய ‘செசமி தெரு’வில், எண் கற்பிக்கும் பிரபுப் பாவை ஒன்று தோன்றியது. கரிய மேலாடையும் ஒற்றைக்கண்ணாடியும் அணிந்த அப்பாவை ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணுவது லுகோசியின் ஒலிப்பில். படத்தைக் கண்டறியாச் சிறுவரும் அவ்வொலிப்பை வாயில் வைத்து எண்ணுகின்றனர்.